மண்பாண்டத்துக்கு ஒரு ஜரிகை சால்வை

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மண்பாண்டம் ஆட்டோவில் வந்து இறங்கியது. கூடவே சக்கரம் வைத்த இரண்டு சூட்கேஸ்.

மண்பாண்டம் என்று நான் பெயர் வைக்கவில்லை. ஆளுக்கொரு பெயர் வைக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான்... ஆனால் இது அவரே தனக்கு வைத்துக்கொண்டது. பாக்கியதாஸ் ஐயா. பெரிய பிரசங்கியார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். பிரேசர் டவுனில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் வருஷா வருஷம் மூன்று நாள் கூட்டம் நடக்கும். இந்த வருஷம் அவர்தான் பேச்சாளர்.

தலைப்பு என்ன தெரியுமா? தாழ்மை.

மூன்று நாளும் தாழ்மை. முடிந்ததும் டீ, பன்.

அவரைக் கூப்பிட்டவர் எங்கள் பாஸ்டர் எபனேசர். பாஸ்டர் என்று நாங்கள்தான் கூப்பிடுகிறோம், இன்னும் முழு பாஸ்டர் ஆகவில்லை. கோலார் தங்கவயல் பையன். வேதபாடம் படித்து முடித்து எங்கள் சபைக்கு உதவி ஊழியராக வந்து சில வருஷம் ஆகிறது. குருப்பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. பட்டம் இல்லாதவர் பிரசங்கம் பண்ணலாம், நோயாளிகளைப் பார்க்கப் போகலாம், கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கலாம். கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. திருவிருந்து கொடுக்க முடியாது. சபை காம்பவுண்டில் இருக்கும் குருமனையில் குடியிருக்கவும் முடியாது. அது பூட்டிக் கிடக்கிறது. இவரும் மாசமாக இருக்கிற இவர் மனைவி ஜாஸ்மினும் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார்கள். பகல் முழுக்க இரும்பு அறுக்கிற சத்தம். குழந்தை பிறப்பதற்குள் பட்டம் வந்துவிடும், குருமனைக்குப் போய்விடலாம் என்று அந்தப் பெண் தொட்டில் சாமானைக்கூடப் பிரிக்காமல் மூட்டையாகவே வைத்திருக்கிறாள்.

யாருக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற குழு ஒன்று உண்டு. அதில் பாக்கியதாஸ் ஐயாவும் ஒருத்தர்.

இப்போது புரிகிறதா, அந்த ஆட்டோவில் என்னென்ன வந்து இறங்கியது என்று?

கூட்டத்துக்கு முன்னால் ஐயா நம் எபனேசருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். எபனேசர் அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். நானும் கேட்டேன்.

“தம்பி எபனேசர்... எனக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க. கார் கீர் வேணாம், ஆட்டோவுல வந்துடறேன். ஹோட்டல் வேணாம், சபை ஜனங்க யார் வீட்லயாவது ஒரு ஓரமா பாய் போட்டாக்கூடப் போதும். சாப்பாடு... ஒரு ரசஞ்சோறு. பேனர்ல என் படம் போடக்கூடாது. அறிமுகம், மாலை, சால்வை எதுவும் வேணாம். நான் வெறும் மண்பாண்டம்.”

கடைசி வார்த்தையில் குரல் லிஃப்ட் மாதிரி மெல்ல இறங்கி, தரைத்தளத்தில் நின்று, கதவு திறந்தது.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்களே! ஜாங்கிரி வருகிறது. ‘போதும் போதும்’ என்று இலைக்கு மேலே கையை வைத்து மறைக்கிறோம். எப்படி மறைக்கிறோம்? விரல்களுக்கு நடுவே ஒரு ஜாங்கிரி நுழைகிற அளவுக்கு இடம் விட்டு. பரிமாறுகிறவர் விவரமானவராக இருந்தால் இரண்டு தடவை கெஞ்சுவார். மூன்றாவது தடவை ‘உங்க அன்புக்காக’ என்று கையை எடுப்போம்.

ஊழியத்திலும் அதே கைதான். ‘கார் வேணாம்’ என்றால், ‘அதெப்படிங்க ஐயா!’ என்று பதற வேண்டும். அவர் இன்னும் தாழ்ந்த குரலில் ஒரு தடவை வேண்டாம் என்பார். நாம் இன்னும் உயர்ந்த குரலில் பதற வேண்டும். கடைசியில் ஏசி கார் போகும், ஐயா ‘உங்க அன்புக்காக’ ஏறுவார். இப்படித்தான் ஹோட்டல், பிரியாணி, சால்வை எல்லாம். என் வயசுக்கு நான் பார்த்த தாழ்மையை எல்லாம் அடுக்கினால் சிவாஜிநகர் ஜவுளிக்கடை ஒன்று காலியாகும்.

நம் எபனேசர் என்ன பதில் அனுப்பினார்?

“சரிங்க ஐயா. நீங்க சொன்னபடியே செஞ்சிடறேன்.”

பக்கத்தில் கை கூப்புகிற பொம்மை வேறு.

சபை செக்ரட்டரி தேவராஜ் இதைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஃபேக்டரியில் யூனியன் நடத்தி ரிட்டயர் ஆனவர். பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று தெரிந்தவர்.

“மொதோ தடவையே சரின்னுட்டீங்களா பாஸ்டர்?”

“ஐயா வேணாம்னாரே அண்ணே.”

“வேணாம்னா?”

“வேணாம்னா... வேணாம்தானே அண்ணே? வேற என்ன?”

தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“ஒரு சால்வையாவது வாங்கி வெச்சிக்கலாம் பாஸ்டர். சிவாஜிநகர்ல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு.”

“ஐயோ வேணாம்ணே, ஐயா மனசு கஷ்டப்படும்.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “பாட்டிம்மா, உங்க வீட்லயே ஐயா தங்கட்டுமா? உங்க வீடுதான் ரொம்ப எளிமையா இருக்கு.”

எளிமையாம்! இருக்கட்டும். நான் அந்தப் பையனிடம் அங்கேயே விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? மூன்று நாள் வேடிக்கை வீடு தேடி வருகிறது, விடுவேனா?

ஐயாவை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் சூட்கேஸைத் தூக்கி வைத்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார்.

“அஜ்ஜி, வேற ஏதோ கார் வருதான்னு ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னாரு. ‘பேக பேக, சீக்கிரம் ஏறுங்க சார்’னு நான்தான் ஏத்திக்கினு வந்தேன்.”

முன் அறையில் பாய் விரித்திருந்தேன். ஐயா பாயைப் பார்த்தார். உள் அறையில் கதவு வழியாகத் தெரிந்த கட்டிலைப் பார்த்தார்.

“கட்டில் இருக்கு போலருக்கேம்மா?”

“இருக்குங்க ஐயா. என் மூட்டுவலிக்கு வாங்கினது. உங்களுக்குக் குடுத்திருப்பேன்... நீங்கதான் பாய்னு சொல்லிட்டீங்களே. உங்க சாட்சிய நான் கெடுக்கலாமா?”

“ஸ்தோத்திரம்” என்றார். அந்த ஸ்தோத்திரத்தில் உப்பு கம்மி.

மத்தியானம் ரசஞ்சோறு. சொன்னால் சொன்னதுதான். மிளகு தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, நல்ல ரசம். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் மத்தியானம் ஆனால் பிரியாணி அண்டா திறப்பார்கள். காற்று நேராக எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். ஐயா ஒரு வாய் ரசஞ்சோற்றைக் கையில் பிடித்தபடி மூக்கைத் தூக்கினார்.

“பிரியாணி வாசனை நல்லா வருதேம்மா...”

“ஆமாங்க ஐயா, ஒரே தொந்தரவு. இருங்க, ஜன்னல சாத்திடறேன்.”

சாத்தினேன்.

முதல் நாள் கூட்டம். மேடையில் பேனர் இருந்தது, படம் இல்லை. எபனேசர் மைக்கைப் பிடித்தார். “ஐயாவைப் பத்தி அறிமுகம் வேணாம்னு ஐயாவே சொல்லிட்டாங்க. அதனால நேரா ஐயா வாங்க!” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஐயா பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார். அறிமுகம் என்றால் அது முடிகிற வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் எழுந்திருக்க வேண்டும். பாவம், குனிவதற்கே நேரம் கிடைக்கவில்லை.

என்ன செய்வார்? தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டார். எத்தனை நாடு போனார், எத்தனை பெரிய ஆட்கள் அவரிடம் ஜெபத்துக்கு வந்தார்கள், எந்தெந்தப் பதவியை வேண்டாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘பெருமைக்காகச் சொல்லல’ என்று ஒரு வார்த்தை. ‘உங்கள மாதிரி தாழ்மையான ஆள நான் பார்த்ததே இல்லைன்னு ஒரு பெரிய தலைவரே என் காலைத் தொட்டுச் சொன்னாரு, பெருமைக்காகச் சொல்லல’ என்றபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கொட்டாவியை ஆமென் மாதிரி விட்டார்.

எபனேசர் மட்டும் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், “என்ன ஆழம் பாட்டிம்மா!” என்றார்.

“ரொம்ப ஆழம் தம்பி. கால் எட்டல.”

இரண்டாம் நாள் தாழ்மை கொஞ்சம் திசை மாறியது. வேதத்தில் ஒரு பணக்கார அம்மா வருகிறாள். வழிப்போக்கனாக வருகிற தேவமனுஷருக்கு வீட்டு மேலேயே ஓர் அறை கட்டிக் கொடுக்கிறாள். அந்தக் கதையை எடுத்தார் ஐயா. “அறையில என்ன வெச்சா? மேஜை வெச்சா! நாற்காலி வெச்சா! விளக்கு வெச்சா! கட்டில்... கட்டில் வெச்சா!” கட்டில் வந்த இடத்தில் நிறுத்தி, முதல் வரிசையில் என்னைப் பார்த்தார்.

நான் சத்தமாக ‘ஆமென்’ சொன்னேன்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். மூன்றாம் நாள் காலையில் அது நின்றுபோனது.

ஐயா டீ குடித்துக்கொண்டிருந்தார். எபனேசர் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த வேர்வை. கையில் வீட்டிலிருந்து ஒரு டப்பா. ஜாஸ்மின் ஐயாவுக்காக முறுக்கு சுட்டு அனுப்பியிருக்கிறாள். ஐயா டப்பாவைத் திறக்கவில்லை.

“தம்பி, அடுத்த மாசம் குழு கூடுது. உங்க பேரு வருது.”

“ஆமாங்க ஐயா. ஜெபத்துல வெச்சுக்குங்க.”

“நான் யோசிச்சேன். இப்ப வேணாம். இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். பக்குவம் பத்தல.”

எபனேசர் ஓர் அடி முன்னால் வந்தார். “என்ன தப்பு பண்ணேன் ஐயா? சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

“ஊழியக்காரங்கள கனம்பண்ணத் தெரியணும் தம்பி.”

“நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேனே ஐயா? எதுல விட்டேன்?”

“அத நான் வாயால சொல்லணுமா?”

எப்படிச் சொல்வார்? சொன்னால் மண்பாண்டம் அங்கேயே உடைந்துபோகும். ‘காரு எங்கடா, சால்வை எங்கடா’ என்று கேட்க முடியாத ஆத்திரம் இருக்கிறதே... கேட்டு வாங்குகிறவனைவிட அவன் பொல்லாதவன். கேட்டு வாங்குகிறவன் பணத்தோடு போவான். இவர் ஒரு பையனின் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்.

எபனேசர் வாசலுக்கு வந்தார். செருப்பு காலடியில் இருக்கிறது, தேடுகிறார். அந்த நேரம் பார்த்து ஜாஸ்மின் போன்.

“ஒண்ணும் இல்லம்மா... முறுக்கு? ஆங், ஐயா சாப்ட்டாரு. நல்லாருக்குன்னாரு... உனக்காக ஜெபம் பண்ணாரு. நீ மாடிப்படி எறங்காத.”

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரளமாக வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்குக் கிளம்பினேன். எனக்கு விளையாட்டு, அவனுக்கு வாழ்க்கை. ஒரு சால்வையில் தீரும் என்றால் தீரட்டும் என்று நினைத்தேன். தேவராஜ் சொன்ன கடைதான். கடைக்கார பாய் தலை நிமிராமல் கேட்டார்.

“ஆவோ அம்மா. சால்வை யாருக்கு? பார்ட்டி ஆளுங்களா, சர்ச்சா?”

“சர்ச்சு.”

“அப்ப ஜரிகை ஜாஸ்தி பார்க்கணும்.”

“இல்ல பாய், இவரு ரொம்பத் தாழ்மையான ஆளு.”

“அதாம்மா சொல்றேன். தாழ்மை ஆளுங்களுக்குத்தான் ஜரிகை இன்னும் ஜாஸ்தி. பார்ட்டிக்காரங்க எதக் குடுத்தாலும் வாங்கிப்பாங்க.”

கரும்பச்சையில் கையகல ஜரிகை போட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இதை ஐயாவின் தோளில் போட்டால் பட்டம் வந்துவிடும். எபனேசருக்கும் விஷயம் புரிந்துவிடும். அப்புறம் என்ன? யார் ‘வேணாம்’ என்றாலும் அந்தப் பையன் நம்ப மாட்டான். போகப் போக அவனும் சொல்லக் கற்றுக்கொள்வான். இந்த ஊரில் தாழ்மையை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள் போலிருக்கிறது.

சால்வைக்கு வேறு தோள் பார்த்தால் என்ன?

கடைசி நாள் கூட்டம். முதல் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜரிகை ஓரம் கொஞ்சமாக வெளியே எட்டிப் பார்த்தது. தானாக எட்டிப் பார்க்கவில்லை, நான்தான் இழுத்து விட்டேன். ஐயா மேடையிலிருந்து பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிரசங்கம் தேனாக ஓடியது. “இந்தச் சபை அன்புள்ள சபை” என்றார். கட்டில் பேச்சே வரவில்லை.

சபையார் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்கிற சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். தேவராஜ் மைக் கொடுத்தார்.

“அஞ்சாம் கிளாஸ் படிச்சவ நான். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று ஆரம்பித்தேன். (சிரிக்காதீர்கள். இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் அடிக்கடி அப்படிச் சொல்வதும் இலை மேல் வைக்கிற கைதான்.) “ஐயா எங்க வீட்ல மூணு நாளு தங்கினாரு. பாயில படுத்தாரு. ரசஞ்சோறு சாப்ட்டாரு. பிரியாணி வாசனை வந்தப்போ ஜன்னல சாத்தச் சொல்ற மனுஷன் அவரு!”

ஜனங்கள் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். ஐயா தலை குனிந்தார். அறிமுகத்துக்குக் குனியாமல் விட்ட பாக்கியை எல்லாம் சேர்த்துக் குனிந்தார்.

“பாஸ்டர் தம்பி, ஐயா அனுப்பின அந்த வாய்ஸ் மெசேஜ மைக்குல வையுங்க. சபை கேக்கட்டும்.”

எபனேசருக்கு முகம் மலர்ந்தது. காலையில் அத்தனை பட்ட பிறகும் அந்தக் குரல் மேல் அவருக்கு மரியாதை போகவில்லை. போனை எடுத்து மைக்கில் வைத்தார். கார் வேணாம்... ஹோட்டல் வேணாம்... மாலை, சால்வை எதுவும் வேணாம்... ஸ்பீக்கரில் லிஃப்ட் இறங்கியது. சபையே கை தட்டியது.

ஐயாவின் கண் என் பையில் இருந்தது.

“இதுல ஒரு புள்ளி மாறாம நம்ம தம்பி கீழ்ப்படிஞ்சாரு” என்றேன். “பேனர்ல படம் போடல. அறிமுகம் பண்ணல. சால்வை வாங்கலாம்னு செக்ரட்டரி சொன்னப்பக்கூட, ஐயா மனசு கஷ்டப்படும்னு தடுத்துட்டாரு. ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். பெரியவங்க சொன்ன சொல்ல இப்படி அப்படியே காப்பாத்தறவருக்குப் பட்டம் குடுக்க ஏதாவது தடை உண்டுங்களா? எனக்குத் தெரியாது, படிக்காதவ. நீங்களே சபைக்குச் சொல்லுங்க.”

மேடையேறி மைக்கை அவர் வாய்க்குக் கீழே நீட்டினேன்.

ஜனங்கள் பார்க்கிறார்கள். நாலைந்து பேர் போனில் படம் பிடிக்கிறார்கள். தாழ்மை என்பது அந்த மாதிரி நேரத்தில் கழற்றி வைக்க முடியாத சட்டை.

“தடை... தடை என்ன தடை? ஒண்ணும் இல்ல.”

“குழுவுல நீங்களே சொல்வீங்களா ஐயா?”

“...சொல்றேன்.”

“மினிட்ஸ்ல ஏத்திக்கறேன் ஐயா!” என்று பின்னாலிருந்து தேவராஜ் கத்தினார். யூனியன் ஆள் யூனியன் ஆள்தான்.

அப்புறம்தான் பையிலிருந்து சால்வையை எடுத்தேன். பிரித்தபோது ஜரிகை ட்யூப்லைட்டில் பளபளத்தது. ஐயாவின் தோள் தானாகக் கொஞ்சம் முன்னால் வந்தது. சத்தியமாகப் பார்த்தேன்.

“இத உங்களுக்குப் போட்டா உங்கள அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்ங்க ஐயா. அதனால... உங்க கையாலயே நம்ம பாஸ்டருக்குப் போட்டு ஆசீர்வாதம் பண்ணிடுங்க.”

போட்டார். வேறு வழி? அந்தச் சால்வையை எபனேசரின் தோளில் போட்டுவிட்டுக் கையை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆசீர்வாதம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். விரல் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியும்.

எபனேசர் கூனிக் குறுகி நின்றார். “எனக்கு எதுக்கு பாட்டிம்மா... நான் இதுக்குத் தகுதியில்ல” என்றார். நல்ல பையன். நிஜமாகத்தான் சொன்னார். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஐயா கிளம்பினார். ஆட்டோவில்தான். முறுக்கு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார். தேவராஜ் குருமனைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டுவிட்டார். ஜாஸ்மின் போனில் ‘பாட்டிம்மா, பாட்டிம்மா’ என்று அழுதாள். பின்னால் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு, சரி, எபனேசர் தம்பிக்கும் ஒரு வாழ்த்து அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். படம் மாறியிருந்தது. பச்சைச் சால்வையோடு, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, மெல்லிய புன்னகையோடு எபனேசர். கீழே ஒரு வரி.

‘நான் வெறும் மண்பாண்டம்.’

ஜரிகை நன்றாகத் தெரிகிறது.